நத்தைக்கு நாமம் போட்ட புரட்டாசி

போன சனிக்கிழமை நீங்கள் ரெண்டு பேரும் ஒரு கேள்வி கேட்டீர்கள். பெருமாளுக்குப் படைக்கிற புரட்டாசி தளிகைக்கு ஊரில் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சாப்பிடுகிறோம், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரியப்பா வீட்டுக்கு மட்டும் ஏன் போவதில்லை என்று. சின்னவள் கூடவே இன்னொன்றும் கேட்டாள். புரட்டாசி பிறந்தால் அப்பா ஏன் அளவு பார்க்கிற அந்த இரும்பு வெர்னியரைத் துடைத்து எடுத்துப்போய் வரப்பில் வைக்கிறார் என்று. உங்க அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் பதில் சொல்லவில்லை. வாயால் சொன்னால் எனக்குக் கோபம் வந்து, பேச்சு வேறெங்கோ போய்விடும். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள் சாமி.

பெரியப்பா என்று கூப்பிட்டாலும் அவர் என் கூடப்பிறந்தவர் இல்லை. பங்காளி. அவர் காட்டுக்கும் நம்ம காட்டுக்கும் நடுவில் ஓடுகிற வாய்க்கால்தான் எல்லை. அந்தப் பக்கம் அவர் வாழை. இந்தப் பக்கம் நம்ம வெற்றிலைக் கொடிக்கால். இப்போது நீங்கள் பார்க்கிற கொடிக்கால் அகத்தி மரத்துக்கு மேலே ஏறி நிற்கிறது. நான் சொல்லும் வருசம் அது புதுசு. அதுவரைக்கும் கரும்பு போட்டுக்கொண்டிருந்த நான், முதல்முறையாக வெற்றிலைக்கு மாறினேன். அகத்தி விதைத்து, மேட்டுப் பாத்தி கட்டி, கொடி ஊன்றி, வாழைநாரால் ஒவ்வொரு கொடியையும் மரத்தோடு சேர்த்துக் கட்டி, ஐப்பசியில் முதல் பறிப்பு என்று காத்திருந்தேன்.

நான் கொடி ஊன்றின அன்றைக்கே பெரியப்பா டீக்கடையில் சொல்லிவிட்டார். கடை நிறைய ஆள். நானும் அங்கேதான் டம்ளரும் கையுமாக நின்றேன்.

"கொடிக்கால் வெக்கறதுன்னா கைக்கொழந்தைய வளக்கற மாதிரிங்க. தம்பிக்கு அத்தன பொறுமை ஏதுங்க? கரும்பு போட்டுட்டுத் தூங்குனவங்களுக்கு வெத்தலை வருங்களா?"

அவர் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். அதனால் யாருக்கும் திட்டாகவே தெரியாது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். முதல் பறிப்பு நல்லபடியாக வரவேண்டும், அதை அவர் பார்க்கவேண்டும், அதே கடையில் அதே வாயால் சொல்லவேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

புரட்டாசி பிறந்து மழை தொடங்கியது. ஒரு நாள் விடிகாலையில் கொடிக்காலுக்குள் போனேன். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுத்தான் உள்ளே போவோம், உங்களுக்குத் தெரியும். வெறுங்காலில் என்னமோ வழுவழு என்று மிதிபட்டது. குனிந்து பார்த்தால் நத்தை. உள்ளங்கை அளவு, காவி நிறத்தில் கோடு போட்டது. ஆப்பிரிக்க நத்தை என்கிறார்களே, அது. வாய்க்கால் ஓரத்து மூலையில் ஒரு அகத்திக்குக் கீழே கும்பலாகக் கிடந்தது. பக்கத்துக் கொடியில் நுனிக் கொழுந்தே இல்லை. கொழுந்து போனால் கொடி அப்படியே நின்றுவிடும். ராத்திரி தின்றுவிட்டுப் பகலில் ஈரத்தில் ஒளிந்துகொள்ளும்.

பொறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டேன். மறுநாள் அதே மூலையில் மறுபடியும் அவ்வளவு. அதற்கு மறுநாளும்.

பெரியப்பா வாய்க்கால் அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் நாமம், கழுத்தில் துளசி மணி. "தம்பி, தண்ணி அதிகமா உடறீங்க. ஈரத்துக்கு நத்தை வரத்தானுங்க செய்யும். கொடிக்காலுன்னா அதெல்லாம் தெரிஞ்சு செய்யோணும்" என்றார். அன்றைக்குச் சாயந்திரமே டீக்கடையில் என் கொடிக்காலுக்கு நத்தைப் பண்ணை என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பக்கத்து வேலூருக்குப் போய் விவசாய ஆபீசில் சொன்னேன். ரெண்டு நாளில் ஒரு ஆபீசர் பொண்ணு ஸ்கூட்டியில் வந்தது. நல்ல பொண்ணு. சொல்லாமலே செருப்பை வெளியே விட்டது. சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஒரு வாரத்துக்குக் கெடைக்கிற நத்தை எல்லாத்தையும் அளந்து வைங்க. எந்தெந்த அளவுல இருக்குன்னு தெரிஞ்சா, இங்கயே குஞ்சு பொரிக்குதான்னு பாத்துடலாம். வெறுங்கையில தொடாதீங்க, கவர் மாட்டிக்குங்க" என்றது.

நான் ஸ்கேலை எடுத்து, நத்தை தரையில் உட்கார்ந்திருக்கிறபடியே தரையிலிருந்து முதுகு வரைக்கும் வைத்து, "மூணரை சென்டிமீட்டர் உயரங்க" என்றேன். அந்தப் பொண்ணு சிரித்துவிட்டது.

"அண்ணா, நீங்க எருமைய அளக்கற மாதிரி அளக்கறீங்க. ஓட்டைக் கையில எடுங்க. கூர் நுனி மேல பாக்கணும், வாய் உங்களப் பாக்கணும். நுனியில இருந்து வாயோட கீழ்உதடு வரைக்கும் நேரா வெச்சாத்தான் உயரம். குறுக்க தடிப்பான எடம் அகலம். வாயோரத்தையும் தடவிப் பாருங்க. காகிதம் மாதிரி இருந்தா இன்னும் வளர்ற நத்தை. கெட்டியா இருந்தா வளந்து முடிஞ்சது."

ஸ்கேலை வைத்து வளைந்த ஓட்டை நேராக அளக்க முடியவில்லை. உங்க மாமன் திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டிப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் போய் வெர்னியர் கேட்டேன்.

"எதுக்குங்க மாமா?"

"நத்தை அளக்க மாப்ள."

அவன் மெசினை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஆயிரம் அடி ஓட்டை போடற பிட்டை அளக்கற சாமானுங்க இது. நத்தைக்கு வெச்சு எங்க முதலாளி பாத்தாருன்னா, அடுத்தது என்னையத்தான் அளப்பாரு." இருந்தாலும் அவனுடைய சொந்த வெர்னியரைக் கொடுத்தான். "புள்ளிக்கு அப்புறம் ஒரு நம்பர் வரும், அத உட்றாதீங்க. அப்புறம் மறக்காமக் கொண்டாந்து குடுங்க" என்றான். நான் இன்னும் கொடுக்கவில்லை.

ஒரு வாரம் அளந்தேன். கையில் பால் கவரை மாட்டிக்கொண்டு, நுனி மேலே, வாய் என்னைப் பார்க்க, வெர்னியரின் தாடையை மெதுவாக மூடிப் பார்ப்பேன். எண்பத்தி ரெண்டு புள்ளி நாலு மில்லிமீட்டர். எழுபத்தி ஒன்பது புள்ளி ஆறு. எண்பத்தி ஏழு. ஒன்றுகூட சின்னது இல்லை. எல்லாம் வாயோரம் கெட்டியான கிழடுகள். இன்னொன்றும் கவனித்தேன். நிறைய ஓட்டில் நுனி உடைந்திருந்தது. நுனி இல்லாததை எங்கிருந்து அளப்பது என்று திட்டிக்கொண்டே ஒதுக்கி வைத்தேன்.

உங்க அம்மா சோத்துப் போசியோடு வந்தவள் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, குஞ்சு ஒண்ணுகூட இல்லீங்களா?"

"இல்ல."

"ஒரு ஊட்டுல பெரியவங்க மட்டும் இருந்து, புள்ள குட்டியே இல்லீன்னா அது குடியிருக்கற ஊடு இல்லீங்க. ஒரம்பரை வந்து எறங்கியிருக்குது, விருந்துக்கு." அப்புறம் நுனி உடைந்த ஒன்றைக் குச்சியால் புரட்டினாள். "நடந்து வந்த ஒரம்பரைக்கு மண்ட எப்படிங்க ஒடையும்?"

நான் வாய்க்காலைப் பார்த்தேன். தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி நத்தை நடந்து வராது. வீசினால் வரும். வீசுகிறவன் கண்ணுக்குத் தெரிகிற பெரிசைத்தான் பொறுக்குவான். குஞ்சு அவன் கண்ணில் படாது. நத்தையை அளந்து அளந்து, கடைசியில் ஒரு ஆளுடைய கையைக் கண்டுபிடித்துவிட்டோம்.

உறுதியாகத் தெரியாமல் சண்டைக்குப் போகக்கூடாது என்று, பிடித்து வைத்திருந்ததை எல்லாம் கொல்லாமல் மறுபடியும் அளந்து, அந்தந்த அளவை மார்க்கர் பேனாவால் அந்தந்த ஓட்டிலேயே எழுதினேன். வாய்க்காலில் இறங்கிக் கடந்து போய் அவர் வாழைக்கு நடுவில் விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் விடிந்ததும் ஓடினேன். அதே மூலை. அதே அகத்தி. எண்பத்தி ரெண்டு புள்ளி நாலு மல்லாக்கக் கிடந்தது, நான் எழுதின கையெழுத்தோடு. எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அதே சமயம், உள்ளதைச் சொல்கிறேன், சந்தோசமாகவும் இருந்தது.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றேன்.

"இது என்னங்ணா?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. வாங்கிப் பார்த்து, "நம்பரெல்லாம் போட்டு வெச்சிருக்கீங்க, நல்லா இருக்குதுங்க தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார். அப்புறம் திண்டில் சாய்ந்துகொண்டு சொன்னார். "நான் புரட்டாசியில உசுரக் கொல்றதில்லீங்க. எங்கப்பா காலத்துல இருந்து விரதம். வாழையத் திங்குது, கொல்லவும் கூடாது, என்ன பண்றது? வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உட்டேன். நீங்க வேணும்னா கொன்னுக்குங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"கொன்னா பாவம் யாருக்குங்ணா?"

"கொல்றவங்களுக்குத்தானுங்க தம்பி."

அந்த வார்த்தையைப் பாருங்கள் சாமி. நத்தையையும் எனக்கே கொடுத்து, கொழுந்தையும் தின்னவிட்டு, பாவத்தையும் என் தலையிலேயே கட்டிவிட்டு, டீக்கடையில் எனக்குக் கொடிக்கால் வைக்கத் தெரியாது என்றும் பேசியிருக்கிறார். நெற்றி நிறைய நாமத்தோடு.

வீட்டுக்கு வந்து உங்க அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே, "நல்லா உங்களுக்கு நாமம் போட்டுட்டாருங்க" என்றாள்.

நாமம் போட்டுவிட்டார். ஏமாற்றினால் அப்படித்தானே சொல்கிறோம். எத்தனையோ தடவை கேட்ட வார்த்தை. அன்றைக்கு மட்டும் அது எனக்குள் வேறு மாதிரி விழுந்தது. வாசல் கேட்டுக்கு அடித்து மீதியான வெள்ளைப் பெயிண்ட் இருந்தது. மாட்டுக் கொம்புக்கு அடித்த சிவப்பும் டப்பாவின் அடியில் கொஞ்சம் இருந்தது. நான் போய் ரெண்டையும் எடுத்து வந்து, தீக்குச்சியும் ஒரு பக்கெட் நத்தையுமாக உட்கார்ந்தேன்.

முதலில் அளப்பேன். ஓட்டின் அடியில் அளவை எழுதுவேன். அப்புறம் துணியால் துடைத்து, மேல்முதுகில் வெள்ளையில் ரெண்டு கோடு, நடுவில் சிவப்பில் ஒரு கோடு.

உங்க அம்மா பதறிப்போனாள். "சாமி குத்தமாயிருங்க."

"சாமி பேரச் சொல்லி அடுத்தவன் காட்டுல வீசறது குத்தமில்லையா? நான் பெருமாள்கிட்டச் சொல்லிட்டுத்தான் போடறேன்."

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அப்புறம் குனிந்து பார்த்தாள். "அதுக்காவ இப்படிக் கோணலாவா போடுவீங்க? குடுங்க இங்க" என்று தீக்குச்சியை வாங்கிக்கொண்டாள். நீங்கள் ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பெயிண்ட் காயட்டும் என்று முறத்தில் வைத்திருந்த நத்தைகளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். பெரியவனுக்கு ஞாபகம் இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலைக் கடந்தேன். அவரைப்போல நான் வீசவில்லை. ஒவ்வொன்றாக, சப்பரத்திலிருந்து சாமியை இறக்கி வைப்பதுபோல, அவர் வாழைக்கன்றுகளின் அடியில் வைத்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் கொடிக்கால் மூலையில் போய் நின்றேன். மூலை காலி. வாய்க்கால் அந்தப் பக்கம் பேச்சு கேட்டது. பெரியப்பாவும் உங்க பெரியம்மாவும்.

"அந்தப் பய வேல. பெயிண்டடிச்சு உட்டிருக்கான்" என்றார் அவர். அன்றைக்கு 'ங்க' இல்லை.

"யாரு போட்டா என்னங்க? நாமம் நாமந்தானுங்க. தளிகைக்கு இல போட்டு வெச்சுட்டு, நாமத்தத் தூக்கி வாய்க்கால் தாண்டி வீசுவீங்களா?"

"பெயிண்டு புள்ள அது."

"உங்க நெத்தியில இருக்கறது மட்டும் என்னங்களாம்? கொழச்சுப் பூசினதுதான."

நான் அகத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்தச் சனிக்கிழமைக்குத் தளிகைச் சோறே தேவைப்படவில்லை. வயிறு நிறைந்துவிட்டது.

அன்றைக்கு அப்புறம் நம்ம பக்கம் ஒரு நத்தை விழவில்லை. அவரால் கொல்லவும் முடியவில்லை, வீசவும் முடியவில்லை. நாமம் இல்லாததை மட்டும் பொறுக்கி வீசலாம் என்றால் பெரியம்மா விடவில்லை. அதுவும் அதோடு சேர்ந்ததுதானே என்றாராம். நம்ம கொடியில் கணுவுக்குக் கணு புதுக் கொழுந்து கிளம்பியது. அவர் வாழைக்கன்றில் குருத்து இலை சல்லடையானது.

அதோடு விட்டிருக்கலாம் என்று உங்க அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். நான் விடவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெர்னியரோடு அவர் வரப்புக்குப் போய் உட்கார்ந்து அளந்தேன். வளர்ந்த நத்தைகளின் அளவில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் வாழை மட்டைக்கு அடியில் பட்டாணி அளவுக் குஞ்சுகள் வர ஆரம்பித்திருந்தன. வெர்னியரில் பிடிக்கவே முடியாது, அவ்வளவு மெலிசு. அவர் பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி பண்றீங்க?"

"அளக்கறனுங்ணா. ஒரம்பரை குடியேறிருச்சு. புள்ளைக எல்லாம் நல்லா இருக்குது. உங்க காட்டுச் சாப்பாடு ஒத்துக்குதுங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். உங்க பள்ளிக்கூடத்தில் பழி வாங்கக்கூடாது என்று சொல்லிக்கொடுப்பார்கள். சொல்லட்டும். அந்தச் சாயந்திரம் நான் வாய்க்காலில் கால் கழுவினபோது எனக்குப் பாட்டு வந்தது.

ஐப்பசி முதல் தேதி. விரதம் முடிந்து ஊரே கறிக்கடையில் நிற்கிறது. பெரியப்பா ஒரு அலுமினியக் குண்டாவில் நத்தைகளை நிரப்பிக்கொண்டு வந்து நம்ம கொடிக்கால் வாசலில் நின்றார். எல்லாம் நாமம் போட்டது. அவர் முகத்தில் தூக்கமே இல்லை.

"தம்பி, விரதம் முடிஞ்சுதுங்க. உப்புத் தண்ணி கலக்கி வெச்சிருக்கறேன். ஆனா உங்க பெரியம்மா நாமத்தோட போட உடமாட்டீங்கறா. நான் சொரண்டுனா ஆகாதாம். போட்டவங்கதான் அழிக்கோணுமாம்."

பெரியம்மா என்று அவர் சொன்னது உங்க முறையில். எனக்கு அண்ணி. பதட்டத்தில் முறை மாறிவிட்டது.

"அழிச்சுத் தாரனுங்ணா. செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க."

அவரைப் பாத்தி ஓரத்தில் உட்கார வைத்தேன். எதிரில் நான். வெர்னியரை எடுத்தேன். "ஒண்ணொண்ணா எடுத்துப் பிடிங்க. நுனி மேல பாக்கோணும், வாய் என்னையப் பாக்கோணும்."

"இப்ப எதுக்குங்க அளவு?"

"போனதும் வந்ததும் சரியா இருக்கோணுமுல்லீங்ணா."

அவர் பிடித்தார். நான் அளந்தேன். அளவைச் சத்தமாகச் சொன்னேன். ஓட்டின் அடியில் எழுதியிருந்த பழைய அளவை அவரையே படிக்கச் சொன்னேன். அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. தூரத்தில் வைத்து, கிட்டத்தில் வைத்துப் படித்தார். ரெண்டும் சரியாக இருந்தால்தான் பிளேடை எடுத்து நாமத்தைச் சுரண்டினேன். அவசரமே படவில்லை. வெயில் அகத்தி இலைக்குள் இறங்கி வந்தது. அவர் காலை மாற்றி மாற்றி உட்கார்ந்தார். தலைக்கு மேலே, சுற்றிலும், எங்கு திரும்பினாலும் என் வெற்றிலை அவரைத் தொட்டது. அவர் பார்த்தார். பார்க்கத்தான் உட்கார வைத்தேன்.

எண்பத்தி ரெண்டு புள்ளி நாலை மட்டும் நான் சுரண்டவில்லை. எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"இத ஏனுங்க வெச்சுட்டீங்க?"

"இது என்கிட்ட இருக்கட்டும்ணா. டீக்கடையில நீங்க என்ன சொன்னீங்களோ, அதே எடத்துல மாத்திச் சொல்லுங்க. கொடிக்கால்ல நத்தை வந்தது ஈரத்தால இல்ல, உங்க கையாலன்னு. சொன்னதும் இதையும் அழிச்சுத் தாரேன்."

அவர் கொடிக்காலை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். "சொல்றனுங்க" என்றார்.

அந்த வாரம் முதல் பறிப்பு. இலை கரும்பச்சையில் கை அகலம். கட்டின வெற்றிலைக் கூடையை வேலூர் சந்தைக்கு ஏற்றிவிட்டு டீக்கடைக்குப் போனேன். அவரும் இருந்தார். அவர் என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார்.

"தம்பி கொடிக்கால் பரவால்லீங்க. நத்தைய ஒழிச்சுட்டாரு" என்றார்.

அவ்வளவுதான். நத்தை எப்படி வந்தது என்று சொல்லவில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். யாரோ எனக்கு டீ சொன்னார்கள். நான் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அதனால்தான் சாமி, அந்த ஓடு இன்னும் நம்ம பீரோவுக்கு மேலே இருக்கிறது. உள்ளே இருந்த நத்தை செத்து நாறி, உங்க அம்மா நாலைந்து முறை கழுவி, இப்போது வெறும் ஓடு. அளவு மாறவில்லை. நாமமும் இருக்கிறது, உங்க அம்மா போட்டது, கோணல் இல்லாமல். அவர் பாதிதான் சொன்னார். மீதியைச் சொல்லும்வரைக்கும் புரட்டாசி பிறந்ததும் நான் வெர்னியரை எண்ணெய் போட்டுத் துடைத்து, வாய்க்கால் ஓரம் அவர் கண்ணில் படுகிற இடத்தில் வைப்பேன். அவர் நத்தைப் பக்கெட்டோடு வீச வருவார், அதைப் பார்ப்பார், திரும்பிப் போவார்.

நீங்கள் போகவேண்டும் என்றால் அந்த வீட்டுத் தளிகைக்குப் போங்கள். நான் தடுக்கமாட்டேன். பெரியம்மா நல்லவர், நிறைய நெய் ஊற்றுவார். பெரியப்பா, அப்பா வரவில்லையா என்று கேட்டால், அளந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லுங்கள்.